சிறுத்தை இருந்த மரம்

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் சந்தேகப்படுவதில் பெரிய படிப்புப் படித்தவன் என்று லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எல்லாம் அந்தக் காலத்து அகதி வழக்கால் வந்தது. "ஆதாரம் இல்லாவிட்டால் நீங்கள் பிறந்ததையே நம்பமாட்டார்கள்" என்றார் வழக்கறிஞர். அன்றிலிருந்து பல்லுப் பிடுங்கின கடிதம்கூட என் பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கிறது. (பல்லும் இருக்கிறது. அது வேறு கதை.)

போன வருடம் சட்டனில் இருக்கும் மகள் சுதா, என்னையும் மனைவி மகேஸ்வரியையும் கென்யாவுக்குக் கூட்டிப் போனாள். மகேஸ்வரிக்குச் சிறுத்தை என்றால் உயிர். டிவியில் சிறுத்தை வந்தால் அடுப்பில் கறி கருகும். அவளுக்குக் கை நடுங்கும் என்பதால் கமராவை என்னிடம் தந்தாள்.

"ஒரேயொரு படம் போதுமப்பா. பாத்தனான் எண்டு சனத்துக்குக் காட்ட."

ஜீப் ஓட்டிய ஜோசப்பை எனக்குப் பிடிக்கவில்லை. ரேடியோவில் யாருடனோ பேசுவார், சிரிப்பார், பிறகு "அதிர்ஷ்டம் இருந்தால் பார்க்கலாம்" என்பார். மூன்றாம் நாள் ஒரு மரத்தடியில் நிறுத்தினார். கிளையில் சிறுத்தை. ஆடவில்லை, அசையவில்லை.

"உது கட்டி வச்சது," என்றேன்.

"அப்பா, மெல்லக் கதையுங்கோ," என்றாள் சுதா.

"பஞ்சு அடைச்சதோ, மருந்து குடுத்ததோ தெரியேல்லை பிள்ளை."

"நீங்கள் மத்தியானம் சோபாவிலை கிடக்கேக்கை ஆராவது பஞ்சு எண்டவையோ?" என்றாள் மகேஸ்வரி. "படத்தை எடுங்கோ!"

எடுத்தேன். ஆதாரமாக எடுத்தேன். கயிறு கட்டியிருந்தால் முடிச்சு அடிமரத்தில்தானே இருக்கும்? வேர், அடிமரம், கிளை பிரியும் இடம் என்று கிட்டக் கிட்ட இழுத்து எடுத்தேன். ஜோசப்பின் முகத்தையும் ஒன்று எடுத்து வைத்தேன். (பிறகு தேவைப்படும்.)

மகேஸ்வரி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எழும்பிட்டுது! இஞ்சாலை பாக்குது! எடுங்கோ!"

"பொறும், முடிச்சைப் பிடிச்சிட்டன்!"

கமராவிலிருந்து கண்ணை எடுத்தபோது கிளை மட்டும் ஆடியது. நான் பிடித்த முடிச்சு வெறும் மரக்கணு. அதற்குப் பிறகு ஒரு சிறுத்தையின் வால்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை.

லண்டனுக்கு வந்ததும் மோர்டனில் இருக்கும் மகேஸ்வரியின் அண்ணன் கமராவை வாங்கி, நாற்பது மரப் படங்களையும் பொறுமையாகப் பார்த்தார்.

"தங்கச்சி, சிறுத்தை எங்கை?"

"உண்மையாப் பாத்தனான் அண்ணை! எழும்பி, என்னை நேரை பாத்து, கொட்டாவியும் விட்டது!"

"ஓம், ஓம்," என்றார் அவர். நம்பாதவன் சொல்கிற 'ஓம்' எனக்குத் தெரியாதா? ஆயுள் முழுக்க நான் சொன்னதல்லவா!

மகேஸ்வரியின் கண் கலங்கிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஆதாரமில்லாமல் சத்தியம் பண்ணினேன். "எழும்பினது மச்சான். கொட்டாவி விட்டது. ரெண்டு கண்ணாலையும் பாத்தனான்."

இப்போது கலியாண வீடுகளில் யாராவது புளுகினால், "சாட்சிக்கு அத்தானைக் கூப்பிடுங்கோ!" என்று என்னைக் காட்டிச் சொந்தமெல்லாம் சிரிக்கிறது. நானும் சிரிப்பேன். போன மாதம் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோது மகேஸ்வரி என் காதுக்குள் சொன்னாள்:

"கொட்டாவி விடேல்லையப்பா. அது நான் சும்மா சேத்துச் சொன்னது."

இப்போது அது அவளை நேரே பார்த்ததோ என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.