டவரில் இரண்டு போர்ஷன் காலி

செல்போன் டவருக்கு ஹவுஸ் ஓனராக வாழ்ந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் முத்தாபுதுப்பேட்டைத் தெருவின் டவர் நைனா.

டவரை நட்டது ஒரு டவர் கம்பெனி. நைனா கொடுத்தது வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி இடம் மட்டுமே. அந்த ஒரே டவரில் மூன்று போன் கம்பெனிகள் வாடகைக்கு ஆன்டெனா மாட்டியிருந்தன. நைனாவுக்கோ அது மூன்று குடித்தனம்: மேல் போர்ஷன், நடு போர்ஷன், கீழ் போர்ஷன். ரிப்பேருக்கு வந்த டெக்னீஷியன் மேலே ஏறி போல்ட் முடுக்க ஆரம்பித்தால் போதும், கீழிருந்து கத்துவார்.

"யார கேட்டு ஆணி அடிக்கிற? வாடகைக்கு கீறவன் ஆணி அடிக்கக்கூடாது!"

"நைனா, இது இரும்புக் கம்பம்!"

"இருக்கட்டும். நாளைக்கு நீ காலி பண்ணிகினு பூட்டா ஓட்டைய எவன் அடைப்பான்?"

சொன்னதுபோலவே காலி செய்தார்கள். மேல் போர்ஷன் கம்பெனி கடையையே மூடியது. நடு போர்ஷன் பருத்திப்பட்டுப் பக்கம் வேறு டவருக்குக் குடி போனது. ஒற்றைக் குடித்தனத்தை வைத்துக்கொண்டு கட்டுப்படியாகாது, பிரிக்கப்போகிறோம் என்றது டவர் கம்பெனி.

மறுநாள் நைனா வீட்டு கேட்டில் ஓர் அட்டை தொங்கியது: 'டு-லெட். டவரில் இரண்டு போர்ஷன் காலி. நல்ல காற்று. சிறு குடும்பம் மட்டும்.' வீடு தேடி வந்த புதுமணத் தம்பதி அண்ணாந்து பார்த்துவிட்டு ஓட்டம் பிடித்தார்கள். தெருவே சிரித்தது. அதிகம் சிரித்தவன் நான்தான்.

"இன்னா நைனா, டவர் போனா போவட்டுமே?" என்றேன்.

"டவர் போனா ஊட்ல எந்த சிக்னலும் கெடைக்காதுபா. எம்புள்ள ஜோசப்பு கோச்சிகினு போய் நாலு வருசம் ஆவுது. அவன் ஒருவாட்டிதான் போன் பண்ணுவான். அந்தப் பொம்பள கொரலு 'தொடர்பு எல்லைக்கு வெளியே'ன்னு சொல்லிச்சின்னா, அப்பனுக்கு இன்னும் கோவம் தீரலன்னு வெச்சிடுவான்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று.

டவரைப் பிரிக்க ஆட்கள் வந்ததும் நைனா கேட்டைப் பூட்டிப் பார்த்தார், காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தார். மூன்றே நாளில் டவரைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது காலை முதல் மெயின் ரோடு பஸ் ஸ்டாப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார். அங்கேதான் சிக்னல். நான்கு வருடமாகப் பேசாதவன் இனி பேசுவான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் மதியம் அவர் சாப்பிடப் போகும் அரை மணி நேரம் அந்த போனை நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

போன் பண்ணுடா ஜோசப்பு. உங்கப்பன் துன்னுட்டு வர்ற வரைக்கும் நான் பேசிக்கினு கீறேன்.