ஆமையர் ஓடிய நாள்

1969 செப்டெம்பர் 9, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து, கிணற்றடியில் குளித்து, பேனாவுக்கு மை நிரப்பி, ஆறரை வள்ளத்தில் நயினாதீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்து, யாழ்ப்பாணம் பஸ்ஸில் வலப்பக்கம் இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்தேன். அரசாங்கக் கந்தோர் வேலைக்கு லீவு. ஊரார் ஆமையர் என்று பட்டம் வைத்த எங்கள் தீவுக்காரருக்காக நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போனேன்.

தீவுகள் எல்லாவற்றையும் சல்லடை போட்டாலும் ஆமையரைப் போல வீம்பு பிடித்த மனிதர் அகப்படமாட்டார். வாழ்நாளில் ஒருமுறையும் ஓடியதில்லை என்பதுதான் அவர் சேர்த்த ஒரே பெருமை. கலியாணத்தன்று மாப்பிள்ளை நடந்து வந்து சேர்வதற்குள் முகூர்த்தம் கடந்து, ஐயர் வேறு நேரம் பார்த்தார். ஒருமுறை நாம்பன் மாடு துரத்தியபோதும் நடந்தே போனார். மாட்டுக்குத்தான் அலுத்துவிட்டது.

மாலையில் வீடு திரும்பும்போது, குறிகட்டுவானில் பஸ் நின்றதும் நாங்கள் எல்லோரும் துறைக்கு ஓடுவோம். வள்ளத்தில் நனையாத இடம் முந்தி ஓடுபவருக்குத்தான். நான் எப்போதும் முதலாவது. ஆமையர் கடைசி. அவருக்காக வள்ளக்காரர் கயிற்றை அவிழ்க்காமல் காத்திருப்பார்.

முந்திய வருடம் ஒரு மாலை, மாற்றலாகி வந்து ஒரு கிழமையான பொலிஸ் சார்ஜன் ஒருவர் கள்ளக்கடத்தல்காரரைப் பிடிக்கத் துறையில் நின்றார். பஸ்ஸால் இறங்கிய நாற்பது பேரும் தம்மைக் கண்டுதான் ஓடுகிறார்கள் என்று கண்டுபிடித்தார். அந்த மூளைக்கு அது பெரிய வேலைதான். நாற்பது பேரையும் பிடிக்க முடியாததால் கடைசி ஆளைப் பிடித்தார். ஆமையர் கையில் ஒரு துணிப்பை இருந்தது. தன்னுடையது இல்லை என்றாராம். யாருடையது என்றதற்கு வாயே திறக்கவில்லை. இரவு முழுக்க அடைத்து வைத்து, ஒரு குற்றமும் அகப்படாமல், பையை மட்டும் வைத்துக்கொண்டு காலையில் விட்டார்கள். ஆனால், “பொலிசைக் கண்டு ஓடினார்” என்று புத்தகத்தில் எழுதிவிட்டார்கள்.

அடைத்ததை ஆமையர் பொருட்படுத்தவில்லை. ‘ஓடினார்’ என்பதற்காகச் சார்ஜன்மீது வழக்குப் போட்டார். வள்ளம் பிடிக்க ஓடினேன் என்று சொன்னாலே வென்றுவிடலாம் என அவருக்காக வாதாடிய அப்புக்காத்து கெஞ்சினார். ஆமையர் கூண்டில் ஏறிச் சொன்னது இதுதான்:

“நான் ஓடேல்லை ஐயா. பின்னாலை காத்துத் தள்ளினது.”

நீதிமன்றமே சிரித்தது. வழக்கு அந்த இடத்திலேயே பாதி செத்துவிட்டது.

இருபது வருடமாக அவர் ஓடி நான் கண்டதில்லை என்று, நான் நாள்தோறும் எழுதும் டயறியோடு வந்து சொல்வதற்கே என்னை அழைத்திருந்தார். அவரைப் பிடித்த அன்று வள்ளத்தில் துறைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த நான் ஒன்றையும் காணவில்லை. நல்ல சாட்சி!

அப்போது பொலிசார் அந்தப் பையை மேசையில் வைத்தார்கள். பச்சை நூலால் என் மனைவி தைத்த கைபிடி. உள்ளே நான் வாங்கிய இரண்டு மைப் போத்தல்கள். என் டயறியில் அன்றைய பக்கத்தில், “பை பஸ்ஸில் களவு போயிற்று” என்று இருந்தது.

கூண்டில் நின்று உண்மையைச் சொன்னேன். பை என்னுடையது, பஸ்ஸில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன், அதைத் தரத்தான் இவர் பின்னால் ஓடி வந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் பொலிஸ் தரப்பு மன்னிப்புக் கேட்டு வழக்கை முடித்துக்கொண்டது. சார்ஜனின் முகம் கருவாடாயிற்று.

திரும்பும் பஸ்ஸில் மண்கும்பான் ஊரைத் தாண்டும்போது ஆமையர் பக்கம் திரும்பினேன். நான்தான் கேட்டேன்.

“அண்ணை, பை என்ரை எண்டு அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?”

“உம்மையும் ஏத்திக்கொண்டு போயிருப்பாங்கள். உமக்குக் கவண்மேந்து உத்தியோகம்.”

“பிறகெண்டாலும் எனக்குச் சொல்லியிருக்கலாம்.”

“சொன்னால் ஓடினதையும் சொல்லோணுமே.” யன்னலுக்கு வெளியே பார்த்தார். “வழக்கை வெண்டு தந்தீர். என்னை ஓட வைச்சிட்டீர்.”

குறிகட்டுவானில் எல்லோரும் ஓடினார்கள். நான் ஆமையரோடு நடந்து, கடைசியாக ஏறி, நயினாதீவு வரை நனைந்தேன்.

மறுநாள் காலை எழுந்ததும், குளிக்கப் போவதற்கு முன்பே, பழைய டயறியை எடுத்து ‘களவு போயிற்று’ என்பதை வெட்டினேன். “மறந்துவிட்டு வந்தேன். ஆமையர் எனக்காக ஓடினார்” என்று எழுதினேன்.