நாவலில் வந்த தண்ணீர்ப் பஞ்சம்

எதையாவது வாசித்தால் அதை உடனே நாலு பேரிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. போன வாரம் பத்திரிகையில் தேனீக்களைப் பற்றி ஒரு கட்டுரை. ஆஹா, என்ன கட்டுரை! பஸ்ஸில் பக்கத்துச் சீட்காரரை எழும்பவே விடவில்லை. (பாவம், பல்லேகலயில் இறங்க வேண்டியவர் மூன்று ஹோல்ட் தள்ளி இறங்கினார்.) வாசித்தது எனக்குப் புரிந்ததா என்பது வேறு விஷயம்.

ஐந்து வருடங்களுக்கு முன் குண்டசாலையில் ஒரு வாசகர் வட்டத்தில், வடக்கு எழுத்தாளர் ஒருவரின் நாவலைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன். காரணம் நிர்மலா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே படிப்பித்துக்கொண்டிருந்தவள். கட்டினால் அவளைத்தான் என்று இருந்தேன். அன்றைக்கு அவளுடைய அப்பா என்னைப் பார்ப்பதற்கென்றே ஊரிலிருந்து வந்து, முதல் வரிசைக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா ஓம் எண்டாத்தான் கலியாணம். நிதானமாக் கதையுங்கோ," என்றாள் நிர்மலா வாசலிலேயே.

நிதானமா? நானா? நாவலில் பாதிதான் வாசித்திருந்தேன். அதற்குள்ளேயே இரத்தம் கொதித்துவிட்டது. போதாக்குறைக்கு, நான் வேலை பார்ப்பது தண்ணீர் முறைப்பாடுகளைப் பதியும் கிளார்க்காக. மைக்கைப் பிடித்தேன்.

"மூன்று மாதம்! அந்தப் பெண் மூன்று மாதமாக முழுகாமல் இருக்கிறாள்! வடக்கின் தண்ணீர்ப் பஞ்சத்தை இதைவிட எப்படிச் சொல்வது? அந்த மாமியாரைப் பாருங்கள்! மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெருவெல்லாம் கற்கண்டு கொடுக்கிறாள். தண்ணீர் மிச்சமாம்!"

சபை குலுங்கியது. நிர்மலாவின் அப்பா கைலேஞ்சியால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து, குரலை இன்னும் உயர்த்தினேன்.

"அந்த வீட்டுக்கு உடனே ஒரு பவுசர் தண்ணீர் அனுப்ப ஆளில்லையா?"

நிர்மலா மேடைக்கே ஓடி வந்தாள். "ஐயோ, வாயை மூடுங்கோ! முழுகாமல் எண்டா வயித்தில பிள்ளை எண்டு அர்த்தம்!"

(எங்கள் புசல்லாவைப் பக்கம் 'மாசமா இருக்கா' என்பார்கள். எனக்கு எப்படித் தெரியும்? பிள்ளை பிறக்கும் அத்தியாயத்துக்கும் நான் போகவில்லை. போயிருந்தாலும் தத்தெடுத்தார்கள் என்றுதான் நினைத்திருப்பேன்.)

மானமும் போச்சு, கலியாணமும் போச்சு என்று மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அவளுடைய அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"பிள்ளை, ஆரோ ஒரு பெட்டை குளிக்கேல்லை எண்டதுக்கே இந்தப் பெடியன் இந்தத் துடி துடிக்கிறான். உன்னை நல்லாப் பாப்பான். எனக்குச் சம்மதம்."

எனக்கு அவரைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல் இருந்தது!

கட்டி இரண்டாவது வருடம், ஒரு நாள் காலை அலுவலகத்தில் இருந்தபோது மாமாவின் போன் வந்தது. அந்தப் பேச்சை இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் நிர்மலா நடித்துக் காட்டுகிறாள்.

"தம்பி, அங்க தண்ணி ஒழுங்கா வருதோ?"

"நல்லா வருதுங்க மாமா. ஒரு நாள்கூட நிக்கிறதில்ல," என்றேன், பெருமை தாங்காமல்.

"அப்ப ஏனப்பா என்ர மகள் முழுகாமல் இருக்கிறாள்?"