இன்டெக்ஸ் அக்காவும் ஒன்பது கடிதங்களும்

புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்து, முதல் பக்கத்துக்கு வருவதற்குள் எழுதியவரின் குணத்தையே சொல்லிவிடக்கூடிய ஒரே மனுஷி இந்த உலகத்தில் எங்கள் இன்டெக்ஸ் அக்காதான்.

அறுபதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு ஹாஸ்டலில் அக்காவும் நானும் ஒரே அறை. வேலையும் ஒரே இடத்தில், ஒரு பல்கலைக்கழகத்தின் புத்தக வெளியீட்டுப் பிரிவில். மாதாமாதம் வரும் புதுப் புத்தகங்களைப் பற்றி ஒரு தாளில் செய்தி டைப் அடிப்பது என் வேலை. அந்தப் புத்தகங்களின் கடைசியில், எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று அகர வரிசையில் ஒரு பட்டியல் இருக்குமே, அந்த இன்டெக்ஸைத் தயாரிப்பது அக்காவின் வேலை. ஒரு விஷயத்துக்கு ஒரு கார்டு. கார்டுகளை அடுக்க ஒரு பிஸ்கட் டின். ஒருமுறை என் ஒற்றைத் தாளுக்கும் இன்டெக்ஸ் போட்டுக் கொடுத்தாள். நாற்பது தலைப்பு. எல்லாவற்றுக்கும் எதிரே 'பக்கம் 1'.

பூச்சிகளைப் பற்றிய ஒரு தலையணைப் புத்தகம் அச்சுக்குப் போகவிருந்த சமயம். காலை எலெக்ட்ரிக் ரயிலில், லேடீஸ் கம்பார்ட்மெண்டில், அக்கா கார்டுகளை மடியில் பரப்பியிருந்தாள். மீனம்பாக்கம் தாண்டியதும் ஒரு கார்டு ஜன்னல் வழியே பறந்தது. அடுத்த ஸ்டேஷனில் அக்கா இறங்கிவிட்டாள். தண்டவாள ஓரமாகவே திரும்பி நடந்து, முள்ளுச் செடியில் சிக்கியிருந்த கார்டை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ் வந்து சேர்ந்தாள். அதில் 'எறும்பு' என்று எழுதியிருந்தது.

"ஒரு எறும்புக்காகவா அரை நாள் லீவு?" என்றார் ஆபீசர்.

"எறும்பைத் தேடி வர்றவன் எங்க போவான் சார்?"

ஆபீசர் லீவை ரத்து செய்துவிட்டார்.

அந்த வருஷம்தான் எனக்குத் திருச்சியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். நிச்சயம் ஆனதும் வாரம் ஒரு கடிதம் வந்தது. ஒன்பது கடிதங்களைப் படித்த பிறகும் எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. ஏன் என்றும் புரியவில்லை.

"அவரைப் புடிச்சிருக்காடி?" என்றாள் அக்கா.

"தெரியலக்கா."

"லெட்டரெல்லாம் குடு."

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து வந்தவள், புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் காப்பி வேளைக்கு இன்டெக்ஸ் தயார்:

அம்மா: 1, 2, 3, 4, 5, 6, 7, 8, 9
அம்மா வைக்கும் ரசம்: 1, 4, 7
குடை: 3
மழை: 3
ஸ்கூட்டர், பெண் வீட்டார் தர வேண்டியது: 5, 6, 8
நீ: இல்லை

அகர வரிசையில் சேர்க்காமல் தனியாக எழுதியிருந்த கடைசி வரியைப் பார்த்ததும் என் கண்ணில் நீர் முட்டியது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு இன்டெக்ஸை அப்படியே டைப் அடித்துத் திருச்சிக்குத் தபாலில் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் வீட்டு ஞாபகம் வந்தது. அப்பா ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். கல்யாணம் நின்றால் அவர் தாங்க மாட்டார்.

நாலாம் நாள் ஹாஸ்டல் வாசலில் மாப்பிள்ளையே வந்து நின்றார். கையில் என் தாள்.

"இந்தப் பட்டியலைத் தயாரிச்சது யாரு?"

"நான்தான்," என்று அக்கா முன்னால் வந்தாள்.

"இதுல ஒரு தப்பு இருக்குங்க. மூணாவது லெட்டரை எடுங்க."

அக்காவின் வேலையில் தப்பு என்று யாருமே அதுவரை சொன்னதில்லை. கடிதத்தை எடுத்து வந்தாள். மாப்பிள்ளை படித்துக் காட்டினார்: "'அங்கே மழை என்று பேப்பரில் பார்த்தேன். குடை இருக்கிறதா?' குடை யாருக்குன்னு கேட்டேன்? தாம்பரம் ஸ்டேஷனுக்கா?"

அக்கா அந்த வரியை மூன்று முறை படித்தாள். முகம் வெளிறிப்போயிற்று. "மன்னிச்சிருங்க தம்பி. வார்த்தையைப் பார்த்தேன், ஆளை விட்டுட்டேன்," என்றாள். அங்கேயே பேனாவைத் திறந்து, 'இல்லை'யை அடித்துவிட்டு 'நீ: 3' என்று எழுதினாள்.

மாப்பிள்ளையின் குரல் இறங்கியது. "ஸ்கூட்டர் எங்கம்மா எழுதச் சொன்னது. எனக்கு வேணாம். அதையும் அடிச்சிருங்க."

"எழுதினது எழுதினதுதான், அடிக்க மாட்டேன். இனிமே வராம பாத்துக்குங்க."

வரவில்லை. பத்தாவது கடிதத்தில் ரசமும் இல்லை. எனக்குத் தைரியம் உண்டா, பிடித்த பாட்டு எது என்று இரண்டு பக்கம் முழுக்கக் கேள்வி. நான் படித்துக் காட்ட, அக்கா கேட்டுவிட்டு, "இதுக்குப் பதில் எழுது," என்று மட்டும் சொன்னாள்.

கல்யாணம் முடிந்து நான் திருச்சிக்கு ரயிலேறிய அன்று தாம்பரம் பிளாட்பாரத்தில் அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

"போனதும் லெட்டர் போடுடி. உன் லெட்டருக்கெல்லாம் கார்டு எழுத மாட்டேன். சும்மா படிப்பேன்."

அக்கா இருந்தவரை, ஒரு வாரம்கூட நான் எழுதாமல் விட்டதில்லை.