நாய்க்கு வாழ்வு கொடுத்தவர்

நாய் வளர்ப்பவர் ஓர் இனம். நாயைக் கண்டால் ஓடுபவர் இன்னோர் இனம். இவர்கள் இருவரோடும் நீங்கள் நிம்மதியாக உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு: நாய்க்கு வாழ்வு கொடுத்தவர். அவரோடு உட்காராதீர்கள். தேநீர் ஆறிவிடும், கதை ஆறாது.

சிலி நாட்டில், எங்கள் வல்பராய்சோவில் மலைப் படிக்கட்டு தோறும் ஒரு தெருநாய் படுத்துக் கிடக்கும். நாலு வீட்டில் சாப்பிடும், குளிர் வந்தால் யாரோ ஒருவருடைய பழைய கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு திரியும். இதற்காக எவரும் மார்தட்டுவதில்லை. ஆனால் அதே நாயைக் காப்பகத்திலிருந்து ஒரு கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்துவிட்டால் போதும், ஆளுக்கு நடையே மாறிவிடும். நான் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் இருந்தவன். ஆனால் நாற்பது வருஷம் ஆணிக்கடை நடத்தி ஆளை எடை போடக் கற்றவன். அந்தத் தராசில் எவாரிஸ்தோவைப் போல ஒருவர் ஏறியதே இல்லை.

எவாரிஸ்தோ துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பல் சங்கோடு போட்டி போட்டு வளர்ந்த குரல். ஒரு காது மடிந்த பழுப்பு நாயை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதற்குச் சுல்தான் என்று பெயரும் வைத்தார். சுல்தான் நேராகச் சமையலறைக்குப் போய், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், குழாய்க்குப் பின்னால் குடியேறினார்.

காப்பகத்துப் பெண் யாஸ்னா, 'தோன்' என்று மரியாதை போட்டே, தெளிவாகத்தான் சொன்னாள்.

"தோன் எவாரிஸ்தோ, ரெண்டு வாரத்துக்கு விருந்தாளியே கூடாது. அதுவா வர்ற வரைக்கும் தொடாதீங்க. சத்தம் கேட்டா அதுக்கு உயிரே போயிடும். முப்பதாம் நாள் வந்து பாப்பேன். அப்பவும் ஒளிஞ்சுக்கிட்டே இருந்தா திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"எனக்கா சொல்லித் தர்றே? நாப்பது டன் இரும்பையே பழக்கினவன்மா நான்!"

அந்த ஞாயிற்றுக்கிழமையே இருபது பேரைக் கூப்பிட்டு, முற்றத்தில் இறைச்சி சுட்டு, ஆளுக்கு ஒரு கிண்ணம் மதுவும் ஊற்றி, ஒவ்வொருவரையும் தொட்டிக்கு முன்னால் மண்டிபோட வைத்து நாயைக் காட்டினார். நாய் காட்டியது முதுகை.

நாயை மீட்டதாக அவர் சொன்ன கதையும் வளர்ந்தது. முதல் வாரம் நாயை யாரோ கயிற்றில் கட்டிப் போட்டிருந்தார்கள். இரண்டாம் வாரம் சங்கிலி. மூன்றாம் வாரம் சங்கிலியும் தீயும். நாலாம் வாரம் அந்தத் தீக்குள் புகுந்து சங்கிலியை வெறுங்கையால் பிய்த்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? அடுத்த வீட்டு நில்தா காப்பகத்திலேயே விசாரித்துவிட்டாள். ரொட்டிக்கடைக்குப் பின்னால், அடுப்புச் சூட்டில், வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த நாயாம் அது!

பாவம், அதற்கு ஒரே ஒரு எதிரி: எரிவாயு வண்டி. வண்டிக்காரன் உருளைகளை இரும்புக் கம்பியால் அடித்துக்கொண்டே தெரு ஏறி வருவான். 'டங் டங்' என்று கேட்டதும் நாய் நடுங்கும். உடனே நம்மவர் பாய்ந்து வந்து, "சுல்தான்! பயப்படாதே! நான் இருக்கேன்!" என்று கூரை அதிரக் கத்துவார். ஆக, எதிரிகள் இரண்டு.

இருபத்தொன்பதாம் நாள் மத்தியானம், மனைவி ஓரியேத்தா சமையலறைக்குள் வந்தபோது, அந்தப் பெரிய உடம்பு தரையில் கவிழ்ந்து தொட்டிக்கடியில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தது.

"டேய், நாளைக்குக் கொஞ்சம் வெளிய வந்துடுடா. உன்னைக் கொண்டுபோயிட்டா, நான் பேசறதைக் கேக்க இந்த வீட்ல வேற யார் இருக்கா?"

"அது எங்க கேக்குது கிழவா? காதை மடிச்சு வெச்சுக்கிட்டிருக்கு," என்றாள் ஓரியேத்தா. ஆனால் அவர் எழுந்தபோது கண் கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டாள். அதனால்தான் மறுநாள் அவளே ஒரு வழி செய்தாள்.

யாஸ்னா வந்தாள். காகிதத்தை மேசையில் விரித்தாள். எவாரிஸ்தோ நெஞ்சை நிமிர்த்தி, "அந்தத் தீ இருக்கு பாரு..." என்று தொடங்கிய வாயில், வெண்ணெய்ப்பழம் பூசிய முழு ரொட்டி ஒன்றைத் திணித்தாள் ஓரியேத்தா.

"மென்னு முழுங்கு. மெதுவா."

சரியாக அந்நேரம் பார்த்துத் தெருவில் 'டங் டங்'. தொட்டிக்கடியிலிருந்து பழுப்பாக ஏதோ சீறி வந்தது. அடுப்பைச் சுற்றியது, கதவை முட்டியது. வீட்டில் சத்தமில்லாத ஒரே இடத்தைத் தேடி, எவாரிஸ்தோவின் இரண்டு கால்களுக்கு நடுவே புகுந்து, அவர் செருப்பின் மேல் தாடையை வைத்துக்கொண்டு படுத்தது.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! வாழ்நாளின் வெற்றி காலடியில் கிடக்கிறது. வாயைத் திறந்தால் ஓடிவிடும். ரொட்டி எப்போதோ உள்ளே போய்விட்டது. ஆனாலும் மெல்வதுபோலவே தாடையை அசைத்துக்கொண்டிருந்தார். வண்டி போய்விட்டது, நாயின் நடுக்கம் நின்றது, யாஸ்னா கையெழுத்துப் போட்டாள். அவர் கால் மரத்தும் அசையவில்லை.

ஜன்னலில் நில்தா எட்டிப் பார்த்தாள். "என்ன தோன் எவாரிஸ்தோ, வீடே அமைதியா இருக்கு? யாராச்சும் போய்ச் சேந்துட்டாங்களா?"

வாய் திறந்தது. செருப்பின் மேலிருந்த மடிந்த காது நிமிர்ந்தது. வாய் மூடியது. விரலை உதட்டில் வைத்து, மற்றக் கையால் கீழே காட்டினார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

நாற்பது நிமிஷம்! ஓரியேத்தா கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன கணக்கு இது.

இங்கேயே முடித்துவிடலாம்தான். ஆனால் அடுத்த ஞாயிறு என்று ஒன்று வருமே? மறுபடி இருபது பேர், மறுபடி இறைச்சி. "நாப்பது நிமிஷம் ஒரு வார்த்தை பேசலையே நான்! எவனால முடியும்?" என்று எவாரிஸ்தோ ஒன்றரை மணி நேரம் தன் மௌனத்தைப் பற்றி முழங்கினார். சுல்தான் எங்கே என்று கேட்கிறீர்களா? குழாய்க்குப் பின்னால்தான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதைப் படித்த கையோடு, நீங்கள் ஒருவருக்குச் செய்த உதவி ஒன்று நினைவுக்கு வரும். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல நாக்கு துடிக்கும். சொல்வதற்கு முன்னால் குனிந்து, உங்கள் வீட்டுத் தொட்டிக்கடியில் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் பூனையை நான் காப்பாற்றிய கதை இருக்கிறதே, அது வேறு மாதிரி.