வெஸ்லி தெரு அசிங்கமான வரலாறு

சொந்த வீடு என்பது, மனிதன் முப்பது வருஷம் மாதாமாதம் பணம் கட்டிவிட்டு, அதை வாடகை என்று மட்டும் சொல்லாமலிருக்கும் உன்னதமான ஏற்பாடு. நியூ ஜெர்சியில் எங்கள் வெஸ்லி தெருவாசிகள் அனைவரும் இந்த ஏற்பாட்டில் மனமுவந்து மாட்டிக்கொண்டவர்கள்.

மாதத் தவணையில் கடனின் அசலும் வட்டியும் இருக்கும். கூடவே நகர சபைக்குப் போக வேண்டிய வீட்டு வரியிலும் காப்பீட்டிலும் அந்த மாதத்துப் பங்கு ஒட்டிக்கொண்டிருக்கும். நம் கையில் விட்டால் பீட்சா வாங்கித் தின்றுவிடுவோம் என்று வங்கி அதை முன்கூட்டியே பிடுங்கித் தனி உண்டியலில் போட்டு வைக்கும். வருஷக் கடைசியில் உண்டியலில் துண்டு விழும். விழாத வருஷம் கிடையாது. உடனே வங்கி ஆழ்ந்த வருத்தத்தோடு தவணையை ஏற்றும். வங்கிகளைப் போல் வருத்தப்படத் தெரிந்தவர்கள் உலகத்தில் இல்லை.

எதிர்வீட்டு வெண்டல் குபியாக், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருடைய தவணையில் கடனுக்குப் போவதைவிட வரிக்கும் காப்பீட்டுக்கும் போவது அதிகமாகிவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இன்னும் ஒரு தடவை ஏறினால் வீட்டை விற்றுவிட்டு ஒஹையோவுக்குப் போய், மாப்பிள்ளை வீட்டு நிலவறையில் கட்டில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். வெண்டல் எதற்கும் அஞ்சாதவர். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை இருபது வருஷம் ஏற்றி இறக்கியவர். மாப்பிள்ளைக்கு மட்டும் பயப்படுவார்.

இந்தச் சமயத்தில்தான் நகர சபை, ஊரிலுள்ள வீடுகளை எல்லாம் புதிதாக மதிப்பிடப் போவதாக அறிவித்தது. மதிப்பு ஏறினால் வரி ஏறும், வரி ஏறினால் உண்டியலில் துண்டு விழும், துண்டு விழுந்தால் வெண்டல் ஒஹையோவில் விழுவார்.

எங்கள் தெருவோ அலங்காரத்தின் உச்சியில் இருந்தது. மாட்டைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்தவர்கள் எல்லாம் கூடத்தில் மாட்டுக்கொட்டகைக் கதவு மாட்டி, அதைத் தண்டவாளத்தில் சறுக்கிச் சறுக்கித் திறந்தார்கள். அந்த வருஷம் அதுதான் நாகரிகம். என் மனைவி மார்ஜி சமையலறையை மருத்துவமனை மாதிரி வெள்ளையாக்கிவிட்டாள். சமைத்தால் கறை படியும் என்பதால் நாங்கள் வெளியே சாப்பிட்டு வந்தோம்.

வெண்டல் வீட்டுப் பின்புறத்தில் ஞாயிற்றுக்கிழமை தெரு கூடியது. வெண்டலின் மனைவி ரோசலி அடுப்புக் கம்பியில் இறைச்சியைத் திருப்பிப் போட்டபடியே வழி சொன்னாள்.

"வீடு லட்சணமா இருந்தாத்தானே மதிப்பு போடுவான்? அசிங்கமா ஆக்கிடுவோம்."

"எவ்ளோ அசிங்கமா ரோசலி?" என்றாள் மார்ஜி.

"அந்த ஆபீஸர் மனசு கேக்காம நமக்கே ஏதாச்சும் குடுத்துட்டுப் போகணும். அவ்ளோ அசிங்கமா."

வெண்டலின் பக்கத்து வீட்டு லாயிட் குதித்தார். "யோவ், அந்த ஆபீஸர் வர்ற சனிக்கிழமைதான் என் வீட்டைப் பார்க்க ஆளுங்க வர்றாங்க. நான் வித்துட்டு ஃப்ளாரிடா போகணும். தெருவே சத்திரமாட்டம் கிடந்தா எவன்யா வாங்குவான்?"

"உனக்கு ஒரு நாள்தான்யா அழகு வேணும்," என்றார் வெண்டல். "எங்களுக்கு ஆயுசுக்கும் அசிங்கம் வேணும்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது, லாயிட் நீங்கலாக. அந்த ஒரு வாரம் நாங்கள் உழைத்த உழைப்பை வீட்டை அழகாக்குவதில் காட்டியிருந்தால் அரண்மனையே கட்டியிருக்கலாம். மாட்டுக்கொட்டகைக் கதவுகளைக் கழற்றிக் கார் கொட்டகையில் ஒளித்தோம். புல்லை வளரவிட்டோம். மார்ஜி தன் வெள்ளைச் சுவரில் தக்காளிக் குழம்பை விசிறியடித்துவிட்டு, தானே பார்த்து விசும்பினாள். ரோசலி பழைய டாய்லெட் ஒன்றைக் கொண்டுவந்து முன்புறப் புல்வெளியின் நட்டநடுவே நிறுத்தினாள்.

சனிக்கிழமை வந்தது. விற்கிற வீட்டில் பிஸ்கட் வாசனை வரவேண்டும் என்பது எங்கள் ஊர் சாஸ்திரம். லாயிட் காலையிலிருந்து பிஸ்கட் சுட்டார். ரோசலி ஜன்னலைத் திறந்துவைத்து முட்டைக்கோஸை வேகவைத்தாள். காற்று இந்தப் பக்கம் அடித்தபோது தெரு சொர்க்கமாகவும், அந்தப் பக்கம் அடித்தபோது சாக்கடையாகவும் இருந்தது.

மதிப்பீட்டு அதிகாரி ஹொரேஸ் டட்டில் டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். டாய்லெட் முன்னால் நின்றார்.

"மிஸ்டர் குபியாக், இது என்ன?"

"டாய்லெட்டுங்க."

"வெளியில் இருக்கிறதே?"

"உள்ள இடம் ஏதுங்க? அவ்ளோ சின்ன வீடு."

டட்டில் கைக்கணினியில் தட்டினார். "கூடுதல் குளியலறை, ஒன்று. திறந்தவெளி அமைப்பு."

வெண்டல் பதறிப்போய் அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். "கூரை ஒழுகுது பாருங்க, வாளி வெச்சிருக்கோம்."

"வீட்டினுள் நீர்நிலை," என்று தட்டினார் டட்டில்.

"ஜன்னல்ல கண்ணாடியே இல்ல சார்!"

"தடையற்ற காட்சி."

நிலைமை கைமீறுவதைக் கண்ட மார்ஜியும் நானும், முன்பே பேசிவைத்தபடி, தெருவில் நின்று சண்டை போட்டோம். அவள் என் அம்மாவையெல்லாம் இழுத்தாள். அது பேசிவைத்ததில் இல்லை. டட்டில் சிறிது நேரம் ரசித்துக் கேட்டுவிட்டு, "உயிர்ப்பான சுற்றுப்புறம். தெரு முழுமைக்கும் பொருந்தும்," என்று தட்டிக்கொண்டார்.

அப்போது காற்று திரும்பியது. டட்டிலின் மூக்கு உயர்ந்தது. மூக்கு முன்னே போக, அவர் பின்னாலேயே லாயிட் வீட்டுக்குள் போனார். ஒரு தட்டு பிஸ்கட் தீர்வதற்குள், அங்கே கேட்ட விலைக்கு மேல் போட்டிபோட்டுக்கொண்டிருந்த இரண்டு தம்பதிகளையும் முந்திக்கொண்டு, வீட்டைத் தானே வாங்கிவிட்டார். அவர் குடியிருந்த ஊரில் வரி தாங்க முடியவில்லையாம்.

லாயிட் ஃப்ளாரிடா போனார். எங்களுக்குப் புதிய மதிப்பு வந்தது. பார்த்தவுடன் வெண்டல் நேரே, டட்டில் குடியேறியிருந்த பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். நானும் துணைக்குப் போனேன்.

"என்னங்க இது, ஒரேயடியா ஏத்திட்டீங்க?"

"தெருவில் கடைசியாக விற்ற வீட்டின் விலையைக் கொண்டே மற்ற வீடுகளின் மதிப்பு நிர்ணயிக்கப்படும்," என்றார் டட்டில்.

"அந்த வெலை குடுத்தது நீங்கதானே?"

"கொடுத்தவன் தனி மனிதன் டட்டில். மதிப்பிட்டவர் அதிகாரி டட்டில். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. மிச்சமிருந்த ஒரே வழி வரி முறையீட்டு வாரியம். தெரு மொத்தமும் கிழிந்த சட்டைகளைத் தேடி உடுத்திக்கொண்டு அங்கே போனோம். அங்கே முதல் வரிசையில் டட்டில் உட்கார்ந்திருந்தார். தனி மனிதன் டட்டிலும் தன் வரி அதிகம் என்று முறையிட்டிருந்தார்.

வாரியத் தலைவி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மிஸ்டர் குபியாக், உங்க வீடு எவ்வளவு பெறும்னு சொல்றீங்க?"

"போட்டிருக்கறதுல பாதிகூடப் பெறாதும்மா. ஓட்டைக் கூரை, ஒழுகல் குழாய், நாத்தம்."

"பாதி விலைக்கு யாராவது கேட்டா குடுப்பீங்களா?"

வெண்டலின் வாய் திறந்தது. 'குடுப்பேன்' என்ற ஒரு சொல் போதும்; ஒஹையோவிலிருந்து தப்பித்துவிடலாம். அந்தச் சொல் வரவில்லை. மனிதருக்குக் கண்தான் கலங்கியது.

"பாதிக்கா? அந்த வீட்டையா?" என்று ரோசலி எழுந்துவிட்டாள். "என் நாலு பிள்ளைங்க நடக்கக் கத்துக்கிட்ட வீடும்மா அது! கோடி குடுத்தாலும் பத்தாது!"

"மதிப்பு சரியே," என்றார் தலைவி. "அடுத்தவர்."

டட்டில் எழுந்து தொண்டையைச் செருமினார். "என் வீட்டு ஜன்னலைத் திறந்தால் அண்டை வீட்டு டாய்லெட் தெரிகிறது. எதிர்வீட்டுத் தம்பதி நடுத்தெருவில் சண்டையிடுகிறார்கள். என் வீடும் பாதிதான் பெறும்."

"பாதிக்குக் கேட்டா குடுப்பீங்களா?"

"தாராளமாக," என்றார் டட்டில். கேட்க யாருமில்லை என்ற தைரியம்.

"அப்ப எனக்குக் குடுங்க!" வெண்டல் துள்ளி எழுந்தார். முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டது. "என்னோடதை வித்துட்டு அதை வாங்கிக்கறேன்! தெருவை விட்டே போக வேணாம் ரோசலி!"

நாங்கள் கைதட்டியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் தெருவில் ஒரு வீடு பாதி விலைக்குப் போகிறது என்ற செய்தி அப்போதுதான் எங்கள் மூளையை எட்டியது.

"நான் பத்தாயிரம் டாலர் மேல தர்றேன்!" என்று பின்வரிசையில் ஒரு கை எழுந்தது.

"இருபது!"

"ஏங்க, சும்மா உக்காந்திருக்கீங்களே, கையைத் தூக்குங்க!" என்று மார்ஜி என் முழங்கையைப் பிடித்து மேலே தள்ளினாள். கிழிந்த சட்டைக் கைகள் காடு மாதிரி எழும்பின. வாடகைக்கு விடலாம், மாட்டுக்கொட்டகைக் கதவு மாட்டி விற்கலாம் என்று ஆளுக்கொரு கணக்கு. விலை பாதியைத் தாண்டி, முக்காலைத் தாண்டி, டட்டில் கொடுத்த விலையையும் தாண்டி நின்றது. வெண்டல் எப்போது உட்கார்ந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

தனி மனிதன் டட்டில் முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதிகாரி டட்டில் கைக்கணினியைத் திறந்து, நாங்கள் கேட்ட விலையை ஒரு ரூபாய் குறையாமல், அதாவது ஒரு டாலர் குறையாமல், தட்டிக்கொண்டார்.

வெண்டல் எங்கள் பக்கம் திரும்பினார். "ஏன்யா, வரி கட்டப் பணமில்லன்னு அழத்தானே வந்தீங்க? இவ்ளோ பணத்தை எங்கய்யா வெச்சிருந்தீங்க?"

தூக்கியிருந்த கைகளை ஒவ்வொருவராக இறக்கி, சட்டைக் கிழிசலைச் சரிசெய்துகொண்டோம்.

அடுத்த வசந்தத்தில் வெண்டல் வீட்டை விற்றார். ஒஹையோவுக்குச் சாமான் வண்டி கிளம்பியபோது தெருவே வெளியில் நின்று தேம்பித் தேம்பி அழுதது. எத்தனைக்கு விற்றார் என்று யாரோ காதில் சொன்ன பிறகு, அழுகை கொஞ்சம் குறைந்தது.