வாத்துக்கு வைத்த செய்வினை

ஜெர்மனியின் எசனில் இருந்து ஆகன் நகரத்துக்குப் பேருந்தில் ஒன்றரை மணி நேரம். அதற்குள் ஐம்பது பயணிகளில் பதினேழு பேருக்குச் செய்வினை இருப்பது தெரிந்துவிட்டது. மிச்சம் முப்பத்து மூன்று பேரும் தங்களுக்கு இல்லாமல் போய்விடுமோ என்ற கவலையோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்டுபிடித்தவர் வெந்நீர்ச் சித்தர் சிறீதர சுவாமிகள். சில வருடங்களுக்கு முன்னர் வெறும் சிறீதரன். ஊருக்குப் பேசத் தொலைபேசி அட்டை விற்றவர். வாட்சப் வந்து அந்த வியாபாரத்தைத் தின்றுவிட்டது. மனிதர் சோர்ந்துபோகவில்லை. நேரே மேலுலகத்துக்கே இணைப்பு எடுத்துவிட்டார்.

பெந்தெகொஸ்தே நீள்விடுமுறையில் இரண்டு நாள் நகரச் சுற்றுலா. தேவாலயம் பார்க்கலாம், கடைத்தெரு பார்க்கலாம், ரோமானியர் காலத்திலிருந்தே பேர்போன வெந்நீர்க் குளியலும் உண்டு. விளம்பரத்தில் இதெல்லாம் சின்ன எழுத்தில். பெரிய எழுத்தில் "வினை தீர்க்கும் தீர்த்தம்".

"ஆகன் ஊற்றும் எங்கட கன்னியா வெந்நீர் ஊற்றும் அக்கா தங்கச்சி," என்றார் சுவாமிகள், பேருந்தின் ஒலிவாங்கியில். "பூமிக்குக் கீழால ரெண்டுக்கும் தொடர்பு. வெள்ளைக்காரனுக்கு உது தெரியாது. அவன் சும்மா குளிக்கிறான்."

திருகோணமலையிலிருந்து ஜெர்மனி வரைக்கும் தண்ணீர் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இந்த ஐம்பது பேரும் அகதி விண்ணப்பத்துக்கு எத்தனை அதிகாரிகளின் எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்கள்! தாங்கள் ஒரு கேள்வி கேட்கலாம் என்பது மட்டும் மறந்துபோயிருந்தது.

ஆளுக்கொரு வெள்ளிக் காப்பு கொடுக்கப்பட்டது. கொடுக்கப்பட்டது என்றால் விற்கப்பட்டது. "சுத்த வெள்ளி. தீர்த்தத்துக்குள்ள அரை மணித்தியாலம் போட்டுக்கொண்டு நிக்கவேணும். உடம்பில வினை இருந்தால் காப்பு கறுக்கும்."

குளியல் மண்டபத்தின் வாசலில் ஆளுயரப் பலகை ஒன்று இருந்தது. ஐம்பது பேரும் அதைக் கடந்து போனார்கள். ஜெர்மன்காரன் பலகை வைத்தால் எதையோ தடுக்கிறான் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். எதை என்று பார்ப்பதில்லை. கடிதம் என்றால் பிள்ளைகள் வாசிப்பார்கள். பலகையை வீட்டுக்குக் கொண்டுபோகவா முடியும்?

வெந்நீர் நல்ல சூடு. மணம்தான் மூக்கைப் பிடித்தது.

"கூழ்முட்டை மணக்குது, சாமி," என்றார் ஒரு அக்கா.

"அது வினை கழருற மணம். நல்லா இழுங்கோ."

இழுத்தார்கள். ஐயோ, என்ன இழுவை! பக்கத்தில் மிதந்துகொண்டிருந்த ஜெர்மன் கிழவர் ஒருவர் பயந்துபோய் மற்றக் கரைக்கு நீந்திப்போனார்.

சுவாமிகள் மட்டும் தண்ணீரில் இறங்கவில்லை. காவித் துவாய் சுற்றிக்கொண்டு கரையில் சாய்கதிரையில் வீற்றிருந்தார். அவருடைய கையிலும் தடித்த வெள்ளிக் காப்பு. பளபளவென்று இருந்தது.

அரை மணி நேரத்தில் எல்லாக் காப்பும் கறுத்தது. சிலர் அழுதார்கள். சிலர் மச்சாளின் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். இன்னும் சிலர் யாருடையது கூடக் கறுப்பு என்று கையை நீட்டி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எசன் சங்க விழாக்களில் இவர்கள் வாங்காத பட்டம் இது ஒன்றுதான்.

கனகலிங்கம் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. கறுத்த காப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அறுபத்திரண்டு வயது. இதயத்துக்குப் போகும் குழாயில் மூன்று அடைப்பு. வரும் புதன்கிழமை சத்திரசிகிச்சை. தள்ளிப்போடவே கூடாது என்று மருத்துவர் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

சுவாமிகள் காப்பைத் தொட்டுப் பார்த்துக் கண்ணை மூடினார். "நெஞ்சில இருக்கிறது அடைப்பில்லை. வினை. கத்தி பட்டால் அது உயிரைக் கொண்டுபோயிடும். நாப்பத்தெட்டு நாள் பரிகாரம். அதுவரைக்கும் ஆசுப்பத்திரிப் பக்கம் போகக்கூடாது."

இதைக் கேட்டதும் கனகலிங்கத்தின் முகம் மலர்ந்தது. அதுதான் கொடுமை. நெஞ்சைப் பிளப்பார்கள் என்ற பயத்தில் ஒரு மாதமாக நித்திரை இல்லாத மனிதருக்கு, போகாதே என்று சொல்ல ஒருவர் கிடைத்துவிட்டார்.

மனைவி யோகம் உடனே ஓய்வுக்கூடத்துக்கு ஓடிக் கைபேசியை எடுத்துக்கொண்டு வந்தார். விடுமுறை, மருத்துவமனை அலுவலகத்தில் யாரும் தொலைபேசி எடுக்கவில்லை. மின்னஞ்சல் எழுதினார். முப்பத்தைந்து வருடமாகத் தானாக ஒரு வரி ஜெர்மன் எழுதாதவர், சத்திரசிகிச்சைக்குக் குறித்த டெர்மின் வேண்டாம் என்று பிழையில்லாமல் எழுதி முடித்தார்.

"இஞ்சாருங்கோ, அனுப்பட்டே?"

"அனுப்பும், அனுப்பும்," என்றார் கனகலிங்கம்.

"யோகமக்கா, கொஞ்சம் பொறுங்கோ."

சொன்னவர் பிறேமா. அவர்களுடைய மேல்மாடிக்காரி, மன்னார்ப் பக்கம். விடுதி ஒன்றின் சமையலறையில் பத்தொன்பது வருட வேலை. செய்வினைக்கு வரவில்லை, முதுகு நோவுக்குக் குளிக்க வந்தவர். காப்பு வாங்காத ஒரே ஆள்.

"எங்கட விடுதியில வெள்ளிக் கரண்டி இருக்கு. அவிச்ச முட்டைக்கு மட்டும் அதைக் குடுக்கமாட்டம். குடுத்தால் கறுத்துப்போகும், பேந்து நான்தான் இருந்து தேய்க்கவேணும். இந்தத் தண்ணியும் அதே முட்டை மணம்தான் மணக்குது."

"சாமியோட கரண்டிக் கதை கதைக்கிறீரோ?" என்று சீறினார் சுவாமிகள்.

பிறேமா ஈரக்காலோடு வாசல் கடைக்குப் போய் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் வாத்து ஒன்று வாங்கிவந்தார். சுவாமிகளின் பையில் விற்காமல் கிடந்த காப்பு ஒன்றைக் கேட்டார். அவர் தயங்க, கூட்டத்தில் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். காப்பை வாத்தின் கழுத்தில் மாட்டித் தலைகீழாகத் தண்ணீருக்குள் அமத்திப் பிடித்தார்.

ஐம்பது பேர் ஒரு வாத்தைச் சுற்றி நின்றார்கள். அரை மணி நேரம். பிறகு வாத்து மேலே வந்தது. கழுத்தில் காப்பு கன்னங்கரேல்.

"இந்த வாத்துக்கு ஆர் செய்வினை வைச்சது?" என்று கேட்டார் பிறேமா. "இதின்ர மச்சாளோ?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுவாமிகள் சிரிக்கவில்லை. "உயிரில்லாத சாமான் எண்டால் வினை சுகமாப் புகுந்திடும்! உங்கள் எல்லாரிலயும் இருந்து கழண்டதுதான் இப்ப வாத்தில ஏறியிருக்கு!"

நம்புவீர்களோ என்னவோ, பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள். ஒரு அண்ணை அந்த வாத்தைத் தொடாமல் விலகியே நின்றார்.

பிறேமா கனகலிங்கத்தைப் பார்த்தார். "அண்ணை, நான் சொல்லுறதை நம்பவேண்டாம். உங்கட கண்ணை நம்புங்கோ. சாமிக்கு வினை இல்லைத்தானே? அவற்ற காப்பைத் தண்ணிக்குள்ள போடட்டும். வெள்ளையா வந்தால் அந்த மின்னஞ்சலை நானே அனுப்பிவிடுறன்."

"ஏலாது!" சுவாமிகள் எழுந்துவிட்டார். "ஊரார் குளிச்ச அழுக்குத் தண்ணியில என்ர காப்பைப் போடுறதோ?"

"பஸ்ஸில தீர்த்தம் எண்டீங்கள்," என்றார் கனகலிங்கம்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எல்லாருக்கும் கேட்டது. அவர் தண்ணீரில் இருந்து ஏறி, கையைச் சுவாமிகளின் முன்னால் நீட்டினார்.

"கழட்டித் தாங்கோ, சாமி. என்ர உயிர்ப் பிரச்சினை."

தராமல் எங்கே போவது? ஐம்பது பேர் சுற்றி நிற்கிறார்கள், மாற்றுடை பெட்டகத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. கொடுத்தார். கனகலிங்கம் அதைத் தன் கையாலேயே தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருந்தார். யோகத்தின் பெருவிரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலேயே நின்றது. காப்பு முதலில் மஞ்சளானது. பிறகு மண்ணிறம். பிறகு அட்டக் கறுப்பு.

"அப்ப உங்களுக்கு ஆர் சாமி பரிகாரம் செய்யிறது?" என்று கேட்டார் கனகலிங்கம்.

அந்த நேரம் பார்த்துக் குளியல் மண்டபக் காவலர் வந்து சேர்ந்தார். இங்கே கைபேசி கூடாது என்றார். கறுத்த காப்புப் போட்ட கைகளையெல்லாம் பார்த்துத் தலையில் கைவைத்தார். வாசல் பலகையைச் சுட்டினார். பிறேமா போய் உரத்து வாசித்துத் தமிழில் சொன்னார்: "வெள்ளி நகையைக் கழட்டிப்போட்டு இறங்குங்கோ. இந்தத் தண்ணியில கந்தகம் இருக்கு. வெள்ளி கறுக்கும்."

சுவாமிகளின் நாற்பத்தெட்டு நாள் இரகசியம் முழுவதும் அந்த மூன்று வரிக்குள் இருந்தது. ஜெர்மன்காரன் அதை இலவசமாக எழுதித் தொங்கவிட்டிருந்தான்.

யோகம் மின்னஞ்சலை அழித்தார். கனகலிங்கம் படிக்கட்டில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

"பிறேமா, எனக்குப் பயமாக்கிடக்கு."

"பயப்பிடுங்கோ அண்ணை. பயந்துகொண்டே போங்கோ. ஆனால் புதன்கிழமை போங்கோ."

போனார். ஆறு மணி நேரச் சத்திரசிகிச்சை. கண் விழித்தபோது கட்டிலருகே மஞ்சள் வாத்து இருந்தது. கழுத்தில் கறுத்த காப்பு. தாதி என்ன இது என்று கேட்டதற்கு, "என்ர குடும்ப வைத்தியர்," என்றாராம்.

சுவாமிகள் என்ன ஆனார் என்கிறீர்களா? திரும்பி வரும் பேருந்தில் ஏறவில்லை, ரயிலில் போய்விட்டார். இப்போது வேறொரு நகரத்தில், வேறொரு பெயரில், அடுத்த நீள்விடுமுறைக்கு வேறொரு தீர்த்தச் சுற்றுலா ஏற்பாடு செய்கிறார். இருக்கைகள் நிரம்பிவிட்டனவாம்.

அந்தப் பேருந்தில் ஏறப்போகும் பெருமக்களே! வாசலில் ஒரு பலகை இருக்கும், நின்று வாசியுங்கள். அதற்கும் பொறுமை இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் வாத்தையாவது வாங்கிக்கொண்டு போங்கள். அதன் தலையும் வெற்றுத் தலைதான். ஆனால் அது காசு கொடுத்து ஏமாறுவதில்லை.